பிறநாட்டுப் படையும் உள்நாட்டுத் துயரும்: கம்போடியா 1979 எழுப்பும் அறக்கேள்வி

ஓர் அரசு தன் குடிமக்களையே கொன்று குவிக்கும்போது, அண்டை நாடு படை அனுப்பி அவ்வரசை வீழ்த்துவது அறமா, அத்துமீறலா? இக்கேள்விக்கு நூலறிவை மட்டும் துணைகொண்டு விடை கூறுவோர் பலர். தென்கிழக்காசியாவில் வாழும் நமக்கு இது வெறும் நூலறிவுக் கேள்வியன்று. 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இக்கேள்வி நம் வட்டாரத்திலேயே எழுந்தது. நம் அரசுகள் அதற்கு ஒரு விடை கூறின. அவ்விடை பத்தாண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. அதன் வலிமையையும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் ஒருசேர ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

தமிழராகிய நமக்கு இவ்வரலாற்றில் மற்றொரு தொடர்பும் உண்டு. சிங்கப்பூரின் நிலைப்பாட்டை வகுத்து உலக அரங்கில் எடுத்துரைத்தவர்களுள் முன்னணியில் நின்றவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த அவர், 1965 முதல் 1980 வரை சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சராக இருந்தார். அவருக்குப் பின் 1988 வரை அப்பொறுப்பை ஏற்று, அதே வாதத்தைத் தொடர்ந்து முன்வைத்தவர் எஸ். தனபாலன். ஆகவே, இவ்விவாதத்தின் ஒரு தரப்பை நாம் தொலைவில் நின்று பார்ப்பதற்கில்லை.

நடந்தது என்ன

1975 ஏப்ரல் 17ஆம் நாள் கெமர் ரூஜ் படையினர் நோம் பென் நகருக்குள் நுழைந்தனர். அடுத்த சில நாள்களில் நகர மக்கள் அனைவரும், மருத்துவமனைகளில் கிடந்த நோயாளிகள் உட்பட, நாட்டுப்புறத்திற்கு விரட்டப்பட்டனர். பணம் ஒழிக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன, வழிபாடு தடைசெய்யப்பட்டது. படித்தவர், பழைய அரசில் பணியாற்றியவர், பிற இனத்தவர் ஆகியோர் ஐயத்திற்குரியவராயினர். நோம் பென்னின் ஓர் உயர்நிலைப் பள்ளி, துவோல் சுலெங் எனப்படும் சிறைச்சாலையாக மாற்றப்பட்டது. 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டனர். உயிர் தப்பியோர் மிகச் சிலரே. மூன்று ஆண்டு எட்டு மாத ஆட்சியில் பட்டினி, நோய், கடும் உழைப்பு, கொலை ஆகியவற்றால் மாண்டவர் 15 இலட்சம் முதல் 20 இலட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. அன்றைய கம்போடியாவின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 80 இலட்சந்தான். வியட்னாமிய வம்சாவளியினரும் சாம் முஸ்லிம்களும் குறிவைத்துக் கொல்லப்பட்டனர். தப்பி வந்த சாம் மக்கள் பலருக்கு மலேசியா அடைக்கலம் அளித்தது.

கெமர் ரூஜ் தம் எல்லைக்குள் மட்டும் நின்றுவிடவில்லை. வியட்னாமிய எல்லைக் கிராமங்களை அவர்கள் மீண்டும் மீண்டும் தாக்கினர். 1978 ஏப்ரலில் பா சுக் என்னும் ஊரில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் வியட்னாம் சோவியத் ஒன்றியத்தோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. டிசம்பர் 25ஆம் நாள் அதன் பெரும்படை கம்போடியாவுக்குள் புகுந்தது. 1979 ஜனவரி 7ஆம் நாள் நோம் பென் வீழ்ந்தது. ஹெங் சம்ரின் தலைமையில் புதிய அரசு அமைக்கப்பட்டது. போல் போட்டும் அவருடைய படையினரும் தாய்லாந்து எல்லையை நோக்கிப் பின்வாங்கினர்.

கொலைக்களங்கள் ஓய்ந்தன என்பது உண்மை. ஓயச் செய்தது ஓர் அயல்நாட்டுப் படை என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் இருத்திக்கொண்டால்தான் இனி வரும் வாதங்களை நேர்மையாக எடைபோட இயலும்.

வியட்னாம் கூறிய காரணமும் கூறாத காரணமும்

கம்போடிய மக்களை மீட்கவே படையெடுத்தோம் என்று வியட்னாம் அன்று பாதுகாப்பு மன்றத்தில் வாதிடவில்லை என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. அங்கே இரு போர்கள் நடந்ததாக அது கூறியது. ஒன்று, எல்லைத் தாக்குதலுக்கு எதிரான தற்காப்புப் போர். மற்றொன்று, கம்போடிய மக்களே தம் கொடுங்கோலரை எதிர்த்து நடத்திய புரட்சிப் போர். மனிதநேயத்தின் பெயரால் படையெடுக்கும் உரிமையை ஒப்புக்கொண்டால், நாளை அது தனக்கு எதிராகவே பயன்படக்கூடும் என்பதை, அயற்படைகளால் பல்லாண்டு அல்லலுற்ற வியட்னாம் நன்கு அறிந்திருந்தது.

இதிலிருந்து ஒரு பாடம் பெறுகிறோம். ஒரு செயலின் நோக்கம் வேறு, அதன் விளைவு வேறு. வியட்னாமின் நோக்கத்தில் எல்லைப் பாதுகாப்பும் வட்டார மேலாண்மையும் சீனாவைப் பற்றிய அச்சமும் கலந்திருந்தன. ஆயினும் விளைவால் உயிர் பிழைத்த கம்போடியக் குடியானவருக்கு அந்நோக்கங்களின் கலவை ஒரு பொருட்டாக இருந்திருக்காது. நோக்கம் தூயதன்று என்பதற்காக விளைவை மறுப்பது நேர்மையாகாது. விளைவு நன்று என்பதற்காக நோக்கத்தை மறப்பது அறிவுடைமையாகாது.

சிறுநாடுகளின் வாதம்

ஆசியான் அமைப்பின் அன்றைய ஐந்து உறுப்பு நாடுகளும் 1979 ஜனவரி நடுவில் பேங்காக்கில் கூடி, வியட்னாமின் படையெடுப்பைக் கண்டித்தன. பிறநாட்டு விவகாரங்களில் தலையிடாமை என்னும் கொள்கை, 1976இல் பாலியில் கையெழுத்தான நட்புறவு, ஒத்துழைப்பு உடன்பாட்டின் அடித்தளமாக இருந்தது. 1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டுச் சாசனமும் பிறநாட்டின் எல்லைக்கெதிராகப் படைவலிமையைப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. தற்காப்பையும் பாதுகாப்பு மன்றத்தின் ஒப்புதலையும் மட்டுமே அது விதிவிலக்காக ஏற்கிறது.

சிங்கப்பூரின் வாதம் எளியது, ஆழமானது. பெரிய நாடு சிறிய நாட்டுக்குள் படையோடு புகுந்து, அங்கு ஓர் அரசை அமர்த்தி, அதனை உலகம் ஏற்கும்படி செய்யுமானால், எந்தச் சிறுநாடும் அச்சமின்றி உறங்க இயலாது. கொடிய அரசை அகற்றினேன் என்று கூறாத படையெடுப்பாளன் வரலாற்றில் அரியவன். இன்று உண்மையாக இருக்கும் காரணம் நாளை பொய்யாகப் புனையப்படலாம். அதை ஆராய்ந்து தீர்ப்புக் கூறும் நடுவர் எவருமில்லை. பாதுகாப்பு மன்றத்தில் பிரான்சின் பேராளரும் இதே கருத்தைச் சுட்டினார். வெறுக்கத்தக்க அரசாக இருப்பதாலேயே அதனை அயற்படை வீழ்த்தலாம் என்று ஏற்றுக்கொண்டால், உலக ஒழுங்கே நிலைகுலையும் என்பது அவர் வாதத்தின் சாரம். படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவளித்தன. சோவியத் ஒன்றியமும் செக்கோஸ்லோவாக்கியாவும் எதிர்த்தன. சோவியத்தின் தடுப்புரிமையால் தீர்மானம் வீழ்ந்தது.

இவ்வாதம் வெறும் பனிப்போர்ச் சார்பு என்று தள்ளிவிடக்கூடியதன்று. 1983இல் அமெரிக்கா கிரெனடாவுக்குள் படை அனுப்பியபோது, நெருங்கிய நட்புநாடு என்றும் பாராமல் அச்செயலைக் கண்டிக்கும் பொதுப் பேரவைத் தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் கம்போடியாவும் கிரெனடாவும் ஒருங்கே நினைவுகூரப்பட்டன. கொள்கை என்பது நண்பருக்கும் பகைவருக்கும் ஒன்றாகப் பொருந்தும்போதே கொள்கை எனப்படும்.

கொடுக்கப்பட்ட விலை

ஆனால் அக்கொள்கையை நடைமுறைப்படுத்திய விதத்தில்தான் அறச்சிக்கல் தோன்றியது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் கம்போடியாவின் இருக்கையில் யார் அமர்வது? 1979 செப்டம்பர் 21ஆம் நாள் பொதுப் பேரவை வாக்கெடுத்தது. 71 நாடுகள் ஆதரவாகவும் 35 எதிராகவும் வாக்களிக்க, 34 நாடுகள் விலகி நிற்க, அவ்விருக்கை வீழ்ந்துபட்ட கெமர் ரூஜ் அரசின் பேராளர்களுக்கே அளிக்கப்பட்டது. கொன்றவர்களே கொல்லப்பட்டவர்களின் பெயரால் உலக மன்றத்தில் பேசும் நிலை உண்டாயிற்று.

இந்த அவலத்தை ஆசியான் தலைவர்கள் உணராமலில்லை. அதனால்தான் கம்யூனிசம் சாராத அணிகளை முன்னிறுத்த முயன்றனர். 1982 ஜூன் 22ஆம் நாள் கோலாலம்பூரில் கூட்டணி அரசு ஒன்றுக்கான உடன்பாடு கையெழுத்தானது. இளவரசர் சிஹானூக் அதன் அதிபரானார்; சோன் சான் பிரதமரானார். ஆயினும் வெளியுறவுப் பொறுப்பை ஏற்ற துணை அதிபர், கெமர் ரூஜ் தலைவர்களுள் ஒருவரான கியூ சம்பான். பல்லாண்டுகளுக்குப் பின் அனைத்துலக ஆதரவுடன் அமைந்த தீர்ப்பாயம், மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்காகவும் வியட்னாமிய வம்சாவளியினரின் இனப்படுகொலைக்காகவும் அவரைக் குற்றவாளி எனக் கண்டது.

போர்க்களத்திலும் நிலைமை வேறாக இல்லை. சிங்கப்பூரின் உதவி கம்யூனிசம் சாராத இரு அணிகளுக்கே சென்றது. ஆனால் கூட்டணியின் வலிமைமிக்க படை கெமர் ரூஜ் படையே. சீனாவின் ஆயுதங்கள் தாய்லாந்து வழியாக அதனை அடைந்தன. தளர்ந்து எல்லையில் ஒதுங்கியிருந்த படை மீண்டும் உயிர்பெற்றது.

இங்கே ஒரு கசப்பான முரணைக் காண்கிறோம். வியட்னாமியப் படை ஏன் வெளியேறவில்லை என்று நம் அரசுகள் ஆண்டுதோறும் கேட்டன. நாங்கள் வெளியேறினால் போல் போட் திரும்புவார் என்று வியட்னாம் விடையளித்தது. அவ்விடைக்கு வலிமை சேர்த்தது எல்லையில் வளர்க்கப்பட்ட அதே கெமர் ரூஜ் படைதான். ஆக்கிரமிப்பை எதிர்த்த முறையே ஆக்கிரமிப்பு நீள்வதற்கான சாக்காகவும் அமைந்தது. இடையில் அகப்பட்டவர்கள் கம்போடிய மக்கள். 1979 ஜூனில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் தாய்லாந்திலிருந்து பிரியா விகார் மலைச்சரிவின் வழியே கண்ணிவெடி நிறைந்த காட்டுக்குள் திருப்பி அனுப்பப்பட்டனர். எண்பதுகளின் நடுவில் எல்லை அரண் அமைக்கப் புதிய அரசால் கட்டாயமாக அழைத்துச் செல்லப்பட்ட குடியானவர் பலர் மலேரியாவுக்கும் கண்ணிவெடிக்கும் இரையாயினர்.

ஆசியானுக்குள்ளேயே மாற்றுச் சிந்தனை இல்லாமற்போகவில்லை. 1980 மார்ச்சில் மலேசியப் பிரதமர் உசேன் ஓனும் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவும் குவாந்தானில் சந்தித்து, வியட்னாமின் பாதுகாப்புக் கவலைகளையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்னும் நிலையை முன்வைத்தனர். போர்முனையில் நின்ற தாய்லாந்து அதனை ஏற்கவில்லை. அம்முயற்சி அத்துடன் நின்றது.

காலி இருக்கை

அன்று வேறு வழியே இல்லை என்று இன்றும் சிலர் வாதிடுவர். வியட்னாம் அமர்த்திய அரசை ஏற்பதா, வீழ்ந்த அரசை ஏற்பதா என்னும் இரண்டே வழிகள் இருந்தனவாம். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அது இருக்கையைக் காலியாக விடுவது. 1979 செப்டம்பரில் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சநிலை மாநாடு அவ்வாறே செய்தது. 1997 ஜூலையில் நோம் பென்னில் அதிகாரப் பறிப்பு நிகழ்ந்தபோது, ஐக்கிய நாட்டு நிறுவனமும் கம்போடியாவின் இருக்கையை ஓராண்டுக்கு மேல் காலியாகவே வைத்திருந்தது. ஆசியானும் அந்நாட்டை உறுப்பினராகச் சேர்ப்பதை 1999 வரை தள்ளிவைத்தது.

காலி இருக்கை படையெடுப்புக்குத் தரும் ஏற்பன்று. கொலைகாரர்க்குத் தரும் ஏற்புமன்று. இரண்டையும் ஒருசேர மறுக்கும் நிலை அது. எதிர்ப்பு வலுவிழந்திருக்கும், வியட்னாம் அமர்த்திய அரசு காலப்போக்கில் அவ்விருக்கையைப் பெற்றிருக்கும் என்பது மறுதரப்பின் அச்சம். அவ்வச்சத்தில் பொருளில்லை என்று கூறமாட்டோம். ஆனால் படைகள் வெளியேற வேண்டும் என்னும் தீர்மானத்துக்கு அவ்வாண்டு நவம்பரில் 91 நாடுகள் ஆதரவளித்தன. இருக்கை பற்றிய வாக்கெடுப்பில் கிடைத்த 71ஐவிட இது அதிகம். படையெடுப்பை எதிர்க்க முன்வந்த நாடுகள் பலவும் கெமர் ரூஜை ஆதரிக்க முன்வரவில்லை என்பதையே இவ்வேறுபாடு காட்டுகிறது. கொள்கைக்கு இருந்த ஆதரவு, கொலைகாரரின் துணையை வேண்டி நிற்கவில்லை.

பிற நிகழ்வுகள் தரும் ஒளி

அதே பத்தாண்டில் நிகழ்ந்த வேறிரு தலையீடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நிகழ்ந்த கொடுமைகளால் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவை அடைந்தனர். டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த போரின் முடிவில் பங்களாதேஷ் பிறந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, படைகளைத் திரும்பப் பெறுமாறு கோரிய பொதுப் பேரவைத் தீர்மானத்துக்கு 104 நாடுகள் ஆதரவளித்தன. ஆனால் இந்தியப் படை 1972 மார்ச்சில் வெளியேறியது. அதன்பின் உலக நாடுகள் விரைந்து பங்களாதேஷை ஏற்றன. 1978இல் உகாண்டாவின் இடி அமீன் தான்சானியாவின் ககேரா பகுதியைத் தாக்கினார். அதற்குப் பதிலடி கொடுத்த தான்சானியப் படை 1979 ஏப்ரலில் கம்பாலாவைக் கைப்பற்றியது, 1981இல் வெளியேறியது. கம்போடியாவிலோ வியட்னாமியப் படை 1989 செப்டம்பரில்தான் முழுமையாக வெளியேறியதாக அறிவிக்கப்பட்டது.

தீப்பற்றிய வீட்டின் கதவை உடைத்துக் குழந்தையை மீட்டவர்மீது கதவுடைத்த குற்றத்தை எவரும் சுமத்தமாட்டார். அவரே அவ்வீட்டில் பத்தாண்டு தங்கி, யார் உள்ளே வரலாம் என்று ஆணையிட்டால் பேச்சு வேறு. ஆகவே, புகுந்தது சரியா என்னும் கேள்வியும் தங்கியது சரியா என்னும் கேள்வியும் தனித்தனியே விடை காணப்பட வேண்டியவை. 1979இல் நம் வட்டாரம் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே விடை கூறியது. புகுந்ததையும் தங்கியதையும் வேறு பிரித்திருந்தால், கொலைக்களங்கள் ஓய்ந்ததை வரவேற்றுக்கொண்டே படை விலகலையும் உறுதியாகக் கோரியிருக்கலாம்.

அளவுகோல்கள்

2005ஆம் ஆண்டின் உலக உச்சநிலை மாநாட்டில், இனப்படுகொலை, போர்க்குற்றம், இன ஒழிப்பு, மனித குலத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் மக்களைக் காப்பது ஒவ்வோர் அரசின் பொறுப்பு என நாடுகள் ஒப்பின. ஓர் அரசு வெளிப்படையாகத் தவறினால், பாதுகாப்பு மன்றத்தின் வழியே கூட்டு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் ஏற்றன. 'காக்கும் பொறுப்பு' எனப்படும் இக்கோட்பாடு 2011இல் லிபியாவில் சோதிக்கப்பட்டது. பொதுமக்களைக் காக்கப் பெற்ற ஒப்புதல், ஆட்சி மாற்றத்தில் முடிந்தது. அதன்பின் அந்நாடு உள்நாட்டுப் போரில் சிதறியது. சட்ட ஒப்புதல் மட்டும் ஒரு தலையீட்டை அறமாக்கிவிடாது என்பதை அது உணர்த்தியது.

எனவே எந்தத் தலையீட்டையும் நான்கு அளவுகோல்களால் அளக்கலாம் எனக் கருதுகிறோம். முதலாவது, கொடுமையின் அளவு: பெருந்திரளான கொலை அப்போதே நடந்துகொண்டிருக்கிறதா? இரண்டாவது, மாற்றுவழி: படையின்றித் தடுக்கும் வழிகள் உண்மையாக முயலப்பட்டனவா? மூன்றாவது, வெளியேற்றம்: புகுந்த படை எப்போது, யாரிடம் ஆட்சியை ஒப்படைத்து வெளியேறும்? இம்மூன்றும் தலையிடுவோரை நோக்கியவை.

நான்காவது, தலையீட்டை எதிர்ப்போரை நோக்கியது. அது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. தலையிடாதே என்று கூறும் நாடு, கொல்லப்படும் மக்களுக்கு என்ன விடை வைத்திருக்கிறது? 1975 முதல் 1978 வரை கம்போடிய மக்களின் ஓலம் தப்பி வந்தவர் வாயிலாக உலகின் செவிகளை எட்டியது. ஆயினும் நம் வட்டார அரசுகள் எவ்வித அழுத்தமும் தரவில்லை. தலையிடாமைக் கொள்கை சிறுநாடுகளைக் காக்கும் கேடயம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேடயத்தைப் பிடித்திருப்பவர், அதன் நிழலில் நடக்கும் கொலைக்குக் கண்மூடி இருக்கக்கூடாது.

இன்றைய கடமை

1991 அக்டோபர் 23ஆம் நாள் பாரிசில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அடுத்து ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் இடைக்கால நிர்வாகம் அமைந்தது. மலேசியப் படைப்பிரிவும் சிங்கப்பூர்க் காவல்துறையினரும் அதில் பணியாற்றினர். 1993 மே மாதத்தில் கம்போடிய மக்கள் வாக்களித்தனர். ஆசியானின் விடாமுயற்சி இவ்வமைதிக்கு வழிகோலியது என்பதையும் நடுநிலையோடு பதிவு செய்ய வேண்டும்.

ஆனால் காயம் முற்றும் ஆறிவிடவில்லை. 2019இல் தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் பிரேம் தின்சுலானோன் மறைந்தபோது, அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங் தம் இரங்கற் செய்தியில் வியட்னாமின் படையெடுப்பைக் குறிப்பிட்டார். கம்போடியாவிலிருந்தும் வியட்னாமிலிருந்தும் உடனே மறுப்பு எழுந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் 'படையெடுப்பு' என்னும் ஒரு சொல் மூன்று தலைநகரங்களை அசைத்தது. ஜனவரி 7ஆம் நாளைக் கம்போடியர் சிலர் இனப்படுகொலையிலிருந்து மீண்ட நாளாகப் போற்றுகின்றனர். சிலர் அயல் ஆதிக்கம் தொடங்கிய நாளாக நினைக்கின்றனர். இரு தரப்பினரும் தம் உற்றார் உறவினரை இழந்தவர்களே.

எந்தச் சொல்லால் வரலாற்றைக் குறிக்கிறோம் என்பது மொழியைப் பேணுவோருக்கு அற்பமான செய்தியன்று. விடுதலை என்று மட்டும் எழுதினால் சிறுநாட்டின் உரிமை மறைந்துவிடும். ஆக்கிரமிப்பு என்று மட்டும் எழுதினால் துவோல் சுலெங்கின் சுவர்கள் மறைந்துவிடும். நம் பிள்ளைகளுக்குத் தமிழில் இவ்வரலாற்றைச் சொல்லும்போது இரு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் எழுதும் துணிவு நமக்கு வேண்டும். 1979 ஜனவரி 7ஆம் நாள் நோம் பென்னில் நிகழ்ந்தது மீட்பு. அன்றே அங்கு தொடங்கியது ஆக்கிரமிப்பு.